முத்துவைக் கூட்டிக்கொண்டு பினாங்கு போன கதை

தீபாவளிக்கு நான்கு நாள் இருந்தது. காலையில் பசியாறிக்கொண்டிருந்தபோது பினாங்கு ஆயர் ஈத்தாமிலிருந்து தம்பி அழைத்தான். “அக்கா, அம்மா பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டாங்க. இடுப்பெலும்பு முறிஞ்சிருக்கு. ரெண்டு மூணு நாள்ல ஆபரேஷன்னு சொல்றாங்க. சீக்கிரம் வா.” வேலையிடத்தில் லீவு சொல்ல அரை மணி நேரம்கூட ஆகவில்லை. துணி எடுத்து வைத்தேன், வீட்டைப் பூட்டக் கிளம்பினேன். என் நாய் முத்து வாசல் கதவோரம் வந்து உட்கார்ந்து என்னையே பார்த்தான். அப்போதுதான் உறைத்தது, இவனை என்ன செய்வது என்று.

நான் கோலாலம்பூர் செந்தூலில் ஒரு வரிசை வீட்டில் தனியாக இருக்கிறேன். கார் இல்லை, ஓட்டவும் தெரியாது. முத்து கட்டுமான இடம் ஒன்றின் பின்னால் குட்டியாகக் கிடைத்தவன், இப்போது 17 கிலோ. மாநகராட்சி லைசென்ஸ், தடுப்பூசிப் புத்தகம் எல்லாம் ஒழுங்காக வைத்திருந்தேன். ஆனால் அவனை அழைத்துக்கொண்டு வெளியூர் போக வேண்டியிருந்தால் எப்படிப் போவது என்று மூன்று வருடத்தில் ஒரு நாள்கூட யோசித்ததில்லை. அந்த நான்கு நாளில் நான் பட்ட பாட்டுக்கு மூல காரணம் அதுதான்.

நாய்களைப் பார்த்துக்கொள்ளும் இடங்கள் ஆறுக்கு அழைத்தேன். தீபாவளி, பள்ளி விடுமுறை, எல்லாமே நிறைந்துவிட்டது. பக்கத்து வீட்டு அக்கா எப்போதும் உதவுவார். அவர் குடும்பத்தோடு தெலுக் இந்தானுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். சரி, கூடவே கூட்டிப் போய்விடலாம் என்று முடிவு செய்தேன். வெளிநாட்டில் மடியில் நாயை வைத்துக்கொண்டு ரயிலில் போகிறவர்களின் வீடியோக்களை நிறையப் பார்த்திருக்கிறேன். பைக்குள் இருந்தால் யார் கேட்கப் போகிறார்கள் என்று நினைத்து, சக்கரம் வைத்த வலைப்பை ஒன்றை 160 வெள்ளிக்கு வாங்கினேன். பினாங்குத் தீவுக்கு எதிர்க்கரையில் இருக்கும் பட்டர்வொர்த் வரைக்கும் ரயில் டிக்கெட்டும் எடுத்துவிட்டேன், கிட்டத்தட்ட 80 வெள்ளி.

மறுநாள் விடிகாலையில் பையை இழுத்துக்கொண்டு பக்கத்து நிலையத்துக்குப் போனேன். அங்கிருந்து கேஎல் சென்ட்ரல் போய் பெரிய ரயில் ஏற வேண்டும். டிக்கெட் தடுப்பைக்கூட நான் தாண்டவில்லை. பைக்குள் முத்து திரும்ப முடியாமல் முனகினான், பாதுகாவலர் வந்து குனிந்து பார்த்தார். நாயா என்று மலாயில் கேட்டார். ஆமாம் என்றேன். அவர் கோபப்படவில்லை. சுவரில் இருந்த பலகையைக் காட்டினார். புகை பிடிக்கக் கூடாது, டுரியான் கொண்டுவரக் கூடாது, பக்கத்திலேயே பிராணியின் படம் போட்டு அதன்மேல் சிவப்புக் கோடு. நான்கு வருடமாகத் தினமும் அந்தப் பலகையைக் கடந்துதான் வேலைக்குப் போகிறேன். ஒரு நாளும் அதை நின்று படித்ததில்லை. அம்மா ஆஸ்பத்திரியில் இருக்கிறார் என்று சொல்லும்போதே எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் பாவம், “மன்னிச்சுக்கோங்க, என் கையில இல்ல” என்பதையே திரும்பத் திரும்பச் சொன்னார்.

இதைப் படிப்பவர்களுக்கு முதலில் சொல்ல வேண்டியது இதுதான். எல்ஆர்டி, எம்ஆர்டி, மோனோரயில், கேடிஎம் ஆகிய ரயில்கள், நகரப் பேருந்து, வெளியூர்ப் பேருந்து, இவற்றில் எதையும் நம்பி நாயோடு கிளம்பாதீர்கள். பைக்குள் இருந்தாலும், கூண்டுக்குள் இருந்தாலும் ஏற்ற மாட்டார்கள். விதி மாறியிருக்குமோ என்று சந்தேகம் வந்தால் டிக்கெட் வாங்குவதற்கு முன்னால் தொலைபேசியில் கேளுங்கள், வாசலில் போய்க் கேட்காதீர்கள். ஒளித்துக்கொண்டு போகலாம் என்ற நினைப்பும் வேண்டாம். நடுவழியில் இறக்கிவிட்டால் நாய்தான் அதிகம் கஷ்டப்படும். விமானத்தையும் விசாரித்தேன். நாய் சரக்குப் பகுதியில்தான் போக முடியும், அது எழுந்து நின்று சுற்றித் திரும்புகிற அளவுக்குக் கெட்டியான கூண்டு வேண்டும், முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும். நாளைக்கே போக வேண்டும் என்கிறவளுக்கு அது வழியே இல்லை.

வீட்டுக்குத் திரும்பிய கொஞ்ச நேரத்தில் பெட்டாலிங் ஜெயாவில் ஒரு நாய் விடுதியிலிருந்து அழைப்பு வந்தது. ஒருவர் பதிவை ரத்து செய்துவிட்டாராம், மதியம் 1 மணிக்குள் கொண்டுவந்தால் இடம் உண்டு. துள்ளிக் குதித்து வாடகைக் காரைக் கூப்பிட்டேன். சாதாரண கார்தான், நாய் இருப்பதை நான் சொல்லவில்லை. முதல் கார் வந்து நின்றது, முத்துவைப் பார்த்தது, போய்விட்டது. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவது ஆளுக்கு நாய் இருக்கிறது என்று செய்தி அனுப்பினேன், உடனே ரத்து. நான்காவது ஆள் பதிலே போடவில்லை. ஐந்தாவதாக வந்தவர் 60 வயது மதிக்கத்தக்க மலாய்ப் பெரியவர். காரை ஓரங்கட்டி இறங்கி வந்து பேசினார். எனக்கு அது இன்றுவரை மறக்கவில்லை. “உன் நாய்மேல எனக்கு வெறுப்பு எதுவும் இல்லம்மா. அதோட எச்சிலோ ஈரமோ காருல பட்டா நான் ஏழு தடவை கழுவணும், அதுல ஒரு தடவை மண் கரைச்ச தண்ணியில. அதுக்கப்புறம்தான் நான் தொழ முடியும். இன்னைக்கு முழுக்க எனக்கு ஓட்டம் போயிடும்.” அப்புறம் அவரே என் கைப்பேசியை வாங்கி, பிராணிகளுக்கென்று கிராப்பெட் என்ற தனி வகை இருப்பதைக் காட்டிக்கொடுத்தார். வாடகை கூடுதல்தான், ஆனால் அதை ஏற்கிற ஓட்டுநர் நாய் வரும் என்று தெரிந்துதான் வருவார்.

அன்று காலை ஏற்றாமல் போன நான்கு பேர்மேலும் எனக்குக் கடுங்கோபம். பெரியவர் பேசிய பிறகு யோசித்துப் பார்த்தேன், தவறு என்மேல்தான். இந்த ஊரில் பிறந்து வளர்ந்தவள், மலாய்க்காரர்களோடு ஒரே வகுப்பில் படித்தவள், இது எனக்குத் தெரியாதா? தெரியும். அவசரத்தில் அவர்கள் பக்கத்தை நான் நினைக்கவே இல்லை. அதனால் சொல்கிறேன், நாய்க்கென்று உள்ள வகையில் கூப்பிடுங்கள். அது கிடைக்கவில்லையென்றால், காரை அனுப்பச் சொன்ன உடனேயே நாயின் எடை, கூண்டில் இருக்கிறதா இல்லையா, சீட்டில் விரிக்கத் துணி வைத்திருக்கிறீர்களா என்று செய்தி அனுப்புங்கள். மறுத்தால் கோபப்படாமல் அடுத்தவரைப் பாருங்கள். கிராப்பெட் வந்து சேரும்போது மணி ஒன்றே கால். விடுதிக்காரர் அந்த இடத்தை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார்.

அன்று இரவு ஃபேஸ்புக்கில் தேடினேன். கோலாலம்பூரிலிருந்து பினாங்குக்குப் பிராணிகளை ஏற்றிச் செல்லும் வேன் என்று ஒரு விளம்பரம். அழகான படங்கள், நன்றி சொல்லும் பின்னூட்டங்கள். 200 வெள்ளி முன்பணம் போட்டால் காலை 7 மணிக்கு வாசலில் நிற்கும் என்றார்கள். போட்டேன். காலை 7 ஆனது, 8 ஆனது, என் எண்ணையே அந்த ஆள் தடுத்துவிட்டான். வாசற்படியில் பையோடு உட்கார்ந்திருந்தேன். தம்பி அனுப்பிய செய்தி கைப்பேசியில் கிடந்தது: “நாளைக்கு ஆபரேஷன், நீ எப்ப வருவ?” அந்த ஒரு நிமிடம் முத்துமேல் எனக்கு வெறுப்பு வந்தது. இவன் மட்டும் இல்லையென்றால் நேற்றே அம்மா பக்கத்தில் இருந்திருப்பேனே என்று நினைத்தேன். அவன் என் முழங்காலில் தலையை வைத்துப் படுத்திருந்தான். அதை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது. இருந்தாலும் எழுதுகிறேன், ஏனென்றால் தனியாக நாய் வளர்க்கிற யாருக்கும் இப்படி ஒரு நிமிடம் வரலாம்.

பணம் அனுப்புவதற்கு முன் நான் செய்திருக்க வேண்டியது ஒன்றும் பெரிய வேலை இல்லை. வீடியோவில் அழைத்து வண்டியைக் காட்டச் சொல்லியிருக்கலாம், வண்டி எண்ணை வாங்கியிருக்கலாம். வழக்கமாக நாயைக் காட்டும் கிளினிக்கில் கேட்டிருந்தால் இன்னும் நல்லது. கடைசியில் எனக்கு ஆள் கிடைத்ததே அப்படித்தான். கிளினிக் முகப்பில் இருந்த பெண் ஓர் எண்ணைக் கொடுத்தாள். கிள்ளானைச் சேர்ந்த தமிழர் ஒருவர், சொந்த வேன் வைத்திருக்கிறார், நாய் பூனைகளையும் சொந்தக்காரரையும் சேர்த்தே ஏற்றுவார். 550 வெள்ளி, முன்பணம் இல்லை, இறங்கும் இடத்தில் கொடுத்தால் போதும். “தங்கச்சி, நாளைக்குத்தான் முடியும். தீபாவளிக்கு முத நாள், ஜாம் இருக்கும், பரவால்லயா?” என்று கேட்டார். பரவாயில்லை அண்ணே என்றேன். அவர் கேட்ட அடுத்த கேள்வி, தடுப்பூசிப் புத்தகம் இருக்கிறதா என்பது. அதைக் கேட்டதும்தான் மனம் கொஞ்சம் ஆறியது. அதைக் கேட்கிறவர் உண்மையிலேயே இந்த வேலை செய்கிறவர்.

மறுநாள் கிளம்புகிற அவசரத்தில் பெரிய தப்பு ஒன்று செய்தேன். போகிற வழியில் பசிக்குமே என்று முத்துவுக்குக் கோழி போட்டு வயிறு நிறையச் சோறு வைத்தேன். ரவாங் தாண்டுவதற்குள் மொத்தமும் வெளியே வந்துவிட்டது. பயணத்துக்கு நான்கைந்து மணி நேரத்துக்கு முன்பே சாப்பாட்டை முடித்துவிட வேண்டும், அதுவும் அரை வயிறு. தண்ணீர் மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கலாம். வாந்தி நிற்க நாய்களுக்கென்றே மருந்து இருக்கிறது, மருத்துவர் எடை பார்த்துத் தருவார். நாம் சாப்பிடும் மாத்திரையை உடைத்துக் கொடுக்கவே கூடாது. தூங்கிக்கொண்டே வரட்டும் என்று மயக்க மருந்து கேட்பவர்களும் உண்டு. அதனால் உடல் சூட்டைச் சமாளிக்கும் திறன் குறைந்துவிடும் என்று பின்னால் ஒரு டாக்டர் எனக்குச் சொன்னார்.

தஞ்சோங் மாலிமிலிருந்து வண்டி ஊர்ந்தது. வடக்கே போகிற எல்லாருமே அன்று நெடுஞ்சாலையில்தான் இருந்தார்கள். சுங்கைக்கு முன்னால் வேனின் ஏர்கோன் நின்றுவிட்டது. காற்று வந்தது, குளிர்ச்சி இல்லை. அண்ணன் ஜன்னல்களைத் திறந்துவிட்டார். ஓடாத வண்டியில் ஜன்னல் திறந்து என்ன பயன்? மணி பன்னிரண்டரை, வெளியே வெயில் கொதிக்கிறது. நாய்க்கு நம்மைப் போல வியர்க்காது, மூச்சிரைப்பில்தான் அது உடம்பைக் குளிர்விக்கிறது. காற்றில் ஈரம் அதிகமாக இருந்தால் அதுவும் சரியாக வேலை செய்யாது, நம் ஊர் காற்றைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். முதலில் முத்து சாதாரணமாகத்தான் இரைத்தான். அரை மணி நேரத்தில் சத்தம் மாறியது, தொண்டையில் ஏதோ கரகரவென்று அறுப்பது போல. நாக்கு அகலமாகி ஓரங்கள் மடங்கித் தொங்கியது. உதட்டை விலக்கிப் பார்த்தேன். எப்போதும் இளஞ்சிவப்பாக இருக்கும் ஈறு செங்கல் நிறத்தில் இருந்தது. எச்சில் கயிறு மாதிரி கெட்டியாக நீண்டு என் கையில் ஒட்டியது. “முத்து” என்று கூப்பிட்டேன். கண் திறந்திருந்தது, ஆனால் என்னைப் பார்க்கவில்லை. சரியாக அந்த நேரத்தில் தம்பியின் செய்தி வந்தது, அம்மாவை உள்ளே கொண்டுபோய்விட்டார்கள்.

தாப்பா ஓய்விடத்தில் அண்ணன் வண்டியை லோரிகள் நிற்கும் பக்கம், புல்தரை ஓரமாக நிறுத்தினார். நான் கொண்டு போயிருந்த துண்டை நனைத்து முத்துவின் மேல் போர்த்தினேன். அது தப்பாம். போர்த்திய துண்டு கொஞ்ச நேரத்தில் சூடாகி, உடம்புச் சூட்டை வெளியே விடாமல் பிடித்துக்கொள்ளும். அண்ணன்தான் அதை எடுத்துப் போட்டார். இரண்டு பெரிய தண்ணீர்ப் போத்தல்களை வயிற்றிலும் தொடையிடுக்கிலும் பாதங்களிலும் மெதுவாக ஊற்றினார். நான் அட்டைப் பெட்டி ஒன்றைக் கிழித்து விசிறிக்கொண்டே இருந்தேன். ஐஸ் வாங்கி வரட்டுமா என்றேன். வேண்டாம், சாதாரணத் தண்ணியும் காத்துமே போதும் என்றார். பதினைந்து நிமிடத்தில் முத்து தலையைத் தூக்கினான். அங்கேயே உட்கார்ந்துவிடாமல் நெடுஞ்சாலையைவிட்டு ஈப்போவுக்குள் போய் ஒரு கிளினிக்கைத் தேடினோம். சீனப் பெண் மருத்துவர், சூடு பார்த்தார், 40.6. நாய்க்குச் சாதாரணமாக 38க்கும் 39.2க்கும் நடுவில் இருக்க வேண்டும். தண்ணீர் ஊற்றாமல் வந்திருந்தால் இன்னும் எவ்வளவு ஏறியிருக்குமோ என்றார். சொட்டு மருந்து ஏற்றி, இரண்டு மணி நேரம் வைத்திருந்து அனுப்பினார். 210 வெள்ளி. வெளியே இன்னமும் நன்றாக இருக்கிற மாதிரி தோன்றினாலும், சூடு அடித்த நாயை ஒரு முறை மருத்துவரிடம் காட்டிவிட வேண்டும், உள்ளுறுப்பு பாதிப்பு அப்புறம்தான் தெரியும் என்று அவர் சொன்னதை அப்படியே இங்கே எழுதுகிறேன்.

அண்ணன் ஏர்கோனுக்காக அவ்வளவு வருத்தப்பட்டார். ஈப்போவிலேயே அதைச் சரிபார்த்து, அதற்காக என்னிடம் ஒரு காசும் கேட்கவில்லை. ஆனாலும் வண்டி ஏறும் முன் ஏர்கோனைப் பத்து நிமிடம் ஓடவிட்டுப் பின்சீட்டில் கை வைத்துப் பாருங்கள். ஓய்விடங்களில் நாயை வண்டிக்குள் பூட்டிவிட்டுக் கழிவறைக்குப் போகாதீர்கள். நிழலில் நின்றாலும், ஜன்னல் கொஞ்சம் திறந்திருந்தாலும், உள்ளே வெப்பம் சீக்கிரமே ஏறிவிடும். ஒருவர் மாற்றி ஒருவர் போங்கள். தொழுகை இடமான சூராவுக்கும் சாப்பாட்டுக் கடைகளுக்கும் தள்ளி, புல் இருக்கும் பக்கமாக நாயை இறக்கினால் யாருக்கும் சங்கடம் இல்லை. கழுத்துப்பட்டையை மட்டும் நம்பாமல் மார்புப்பட்டையும் போடுங்கள். லோரி ஒன்று காற்று பிரேக் போட்ட சத்தத்தில் முத்து பின்னால் இழுத்தான், கழுத்துப்பட்டை காதுவரைக்கும் வந்துவிட்டது. நெடுஞ்சாலை ஓரத்தில் அவன் கழன்று ஓடியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை நினைக்கவே நான் விரும்பவில்லை.

நான்கைந்து மணி நேரப் பயணம் பதினோரு மணி நேரமானது. ஜூருவில் இருட்டிவிட்டது. கிளம்பும் முன் என் திட்டம் பட்டர்வொர்த்திலிருந்து ஃபெர்ரியில் தீவுக்குப் போவதாக இருந்தது. சின்ன வயதில் அப்பா எங்கள் பழைய புரோட்டோன் சாகாவை அப்படியே ஃபெர்ரியில் ஏற்றுவார், அப்போதிருந்த எங்கள் நாய் மணி ஜன்னலில் மூக்கை வைத்துக் கடற்காற்றைக் குடித்துக்கொண்டே வரும். அந்த நினைப்பிலேயே இருந்துவிட்டேன். கார் ஏற்றும் சேவை 2020 முடிவோடு நின்றுவிட்டது. 2023இல் வந்த புதிய ஃபெர்ரிகளில் ஆட்களும் மோட்டார் சைக்கிள், சைக்கிள்களும்தான் போகலாம். நாயோடு காரில் வருகிறவர்களுக்குப் பாலம்தான் வழி. பாலத்தில் ஏறியதும் தம்பி அழைத்தான், அம்மா கண் விழித்துவிட்டார். “முத்துவ யாருகிட்ட விட்டுட்டு வந்தா?” என்றுதான் முதலில் கேட்டாராம்.

ரயில் டிக்கெட், வலைப்பை, பறிபோன முன்பணம், வேன், கிளினிக், எல்லாம் சேர்த்து 1,200 வெள்ளி. காசை விடுங்கள். அம்மாவை ஆபரேஷனுக்குக் கொண்டுபோகும்போது நான் பக்கத்தில் இல்லை. எனக்குப் பெரிய நஷ்டம் அதுதான்.

ஆறு வாரம் கழித்துத் திரும்பி வந்தபோது இது எதுவும் நடக்கவில்லை. ஆயர் ஈத்தாமிலேயே பழைய கூண்டு ஒன்றை 90 வெள்ளிக்கு வாங்கி, கதவைத் திறந்தபடி கூடத்தில் வைத்துவிட்டேன். முதல் வாரம் முத்து கிட்டேயே போகவில்லை. சோற்றுத் தட்டைத் தினமும் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே தள்ளினேன், மூன்றாம் வாரம் மதியத் தூக்கமே அதற்குள்தான். தம்பியின் காரில் பத்து நிமிடம், இருபது நிமிடம் என்று சுற்றிப் பழக்கினேன். அதே அண்ணனிடம் பேசினேன், அவர் வேறொரு குடும்பத்தின் பூனைகளையும் ஏற்றிக்கொண்டு வந்ததால் 350 வெள்ளிக்கு ஒத்துக்கொண்டார். இரவு 10 மணிக்குக் கிளம்பினோம், வெயிலும் இல்லை, நெரிசலும் இல்லை. மாலை 5 மணிக்கே கொஞ்சம் சோறு, வாந்தி மருந்து, கூண்டுக்குள் என் பழைய சட்டை ஒன்று. விடிகாலை மூன்றுக்கெல்லாம் செந்தூலில் இறங்கிவிட்டோம். முத்து மெனோரா சுரங்கத்தில் ஒரு தடவை தலையைத் தூக்கிப் பார்த்தான், அவ்வளவுதான்.

இப்போது கூண்டு கூடத்திலேயே இருக்கிறது. அதன்மேல் ஒரு துணிப்பையில் தடுப்பூசிப் புத்தகம், லைசென்ஸ், மார்புப்பட்டை, இரண்டு போத்தல் தண்ணீர், கிண்ணம், விரிப்புத்துணி, பிளாஸ்டிக் பைகள். பக்கத்து வீட்டு அக்காவிடம் ஒரு சாவி. நாய் விடுதி இரண்டில் முத்துவை ஒரு நாள் இரவு தங்கவைத்துப் பழக்கிப் பெயரும் பதிந்தாயிற்று. தைப்பூசத்துக்கு அம்மாவைப் பார்க்கப் போகிறோம். தண்ணீர்மலைப் பக்கம் சாலையெல்லாம் அடைத்துவிடுவார்கள், அதனால் மூன்று நாள் முன்னதாகவே, அதே இரவு 10 மணி வேனில். அண்ணனிடம் சொல்லிவிட்டேன்.